பூதத்துக்குப் பிறந்த தேதி உண்டு

பட்டுக்கோட்டை நாடியம்மன் திருவிழாவுக்குக் கடை போடுகிறவர்களின் விரிப்பில் தஞ்சாவூர்ப் பொம்மையும் நீலப் பூனையும் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். முன்னது அடிப்பாகம் களிமண்ணால் கனத்து, எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடி ஆடி எழுந்து நிற்கிற ராஜா. பின்னது காதில்லாத, மீசை முளைத்த, வயிற்றில் பை வைத்த பிளாஸ்டிக் பூனை. ராஜாவை வாங்க ஆள் குறைவு. பூனை சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்பது விற்கிறவருக்கும் தெரியாது, அடம்பிடித்து வாங்கிப் போகிற பிள்ளைக்கும் தெரியாது.

உறவு இப்படி. 1969ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானில் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ என்ற சித்திரக்கதைக்காரர் புதுத் தொடர் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். முந்தைய இதழில் விளம்பரமும் வந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து வருகிற படம். வருவது யார் என்று வரைகிறவருக்கே தெரியாது! கெடு நெருங்கிய இரவில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. யோசனை சொல்ல ஒரு யந்திரம் இருந்தால் தேவலை என்று நினைத்தாராம். வெளியே தெருப்பூனைகளின் சண்டை. பொழுது விடிந்து போகிறபோது மகளின் விளையாட்டுப் பொம்மை காலில் இடறியது. தள்ளினால் தானே எழுந்து நிற்கிற உருண்டைப் பொம்மை. தெருப்பூனையும் உருண்டைப் பொம்மையும் யந்திர ஆசையும் சேர்ந்து டோரேமான் ஆயிற்று. 'டோரா' என்பது தெருப்பூனையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் பாதி. 'எமான்' அந்தக்கால ஆண்பிள்ளைப் பெயர்களின் வால். நம்மூர்க் கணக்கில் திருட்டுப்பூனைச்சாமி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிறப்புக் கதையை ஃபுஜிமோட்டோவே பிற்காலத்தில் சித்திரமாக வரைந்தும் காட்டியிருக்கிறார். எழுந்து நிற்கிற பொம்மை தஞ்சையிலிருந்து ஜப்பான் போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்ற ஆராய்ச்சிக்குள் நான் இறங்கப் போவதில்லை. இரண்டு அரிசி நாடுகளிலும் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி பொம்மை செய்து கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. நொபிட்டா பரீட்சையில் பூஜ்யம் வாங்குகிற, ஓடத் தெரியாத, எதற்கெடுத்தாலும் அழுகிற டோக்கியோப் பையன். ஒரு புத்தாண்டு நாளில் அவனுடைய மேசை இழுப்பறையிலிருந்து 22ஆம் நூற்றாண்டுப் பூனை ரோபோ ஒன்று வெளிவருகிறது. அதன் வயிற்றுப் பைக்கு ஆழமே இல்லை. தலையில் செருகிப் பறக்கிற மூங்கில் விசிறி, திறந்தால் நினைத்த இடத்துக்குப் போகிற கதவு என்று எதை வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம். அடிக்கிற ஜியான், பீற்றிக்கொள்கிற சுனியோ, நொபிட்டா மனசில் வைத்திருக்கிற ஷிசுகா. விளையாடுவதற்கு மூன்று சிமெண்டுக் குழாய் அடுக்கிய காலி மனை. மதகு வேலைக்கு இறக்கி வருடக்கணக்காக ரோட்டோரம் கிடக்கிற குழாய்களுக்குள் புகுந்து விளையாடிய பிள்ளைகளுக்கு அந்த மனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூனை ஏன் வந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அதுதான். நொபிட்டா பெரியவனாகித் தொழில் தொடங்கி, நொடித்து, பெருங்கடன் வைத்துவிட்டுப் போகிறான். நூறு வருடத்துக்கு அப்புறம் பிறந்த எள்ளுப்பேரன் செவாஷிக்குப் புத்தாண்டுக் காசு கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. கடன் இன்னும் தீரவில்லை. அதனால்தான் அவன் பாட்டனைத் திருத்த ஒரு ரோபோவை அனுப்புகிறான். அதுவும் நல்ல ரோபோவாக அனுப்ப வசதியில்லை. தொழிற்சாலையில் குறையோடு வெளிவந்ததுதான் கட்டுபடியாகிறது. மாயக்கதைகளின் ஆரம்பத்தில் ராஜகுமாரியைத் தேடுவார்கள், புதையலைத் தேடுவார்கள். கடனை அடைக்கத் தொடங்குகிற மாயக்கதை அபூர்வம். கூட்டுறவுச் சங்கத்தில் ஐயா வாங்கியதை அப்பா புதுப்பித்து, அப்பா புதுப்பித்ததை மகன் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாழ்கிற கடைமடை ஊர்களில், இந்தக் கதையின் அடிப்படை ஜப்பான்காரருக்குப் புரிவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

வந்த வழியும் கவனிக்க வேண்டியது. ஷோகாகுகான் என்ற பதிப்பகம் வகுப்புவாரியாகப் பிள்ளைகள் பத்திரிகை நடத்தியது: பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கு ஒன்று, ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று என்று. 1970 ஜனவரி இதழ்களில் டோரேமான் ஒரே நேரத்தில் ஆறு பத்திரிகைகளில் தொடங்கினான். ஆறிலும் வேறு வேறு கதை. சின்னவர்களுக்குச் சின்னதாக, நான்காம் வகுப்புக்குக் கொஞ்சம் சிக்கலாக. 1947 ஜூலையில் தொடங்கிய நம் அம்புலிமாமா ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே விக்கிரமாதித்தன் கதையைத்தான் பரிமாறியது. அதில் ஒரு அழகு உண்டு. ஆனால் பிள்ளையின் வயதை எண்ணி எழுதுகிற பழக்கம் நமக்கு வராமல் போனதில் அந்த ஒரே பந்திக்கும் பங்கு இருக்கிறது.

ஃபுஜிமோட்டோவும் நண்பர் மோட்டோ அபிகோவும் 'ஃபுஜிகோ ஃபுஜியோ' என்ற கூட்டுப்பெயரில் தொழில் செய்தவர்கள், 1987இல் பிரிந்தார்கள். டோரேமான் ஃபுஜிமோட்டோவின் பங்கு. 1996இல் அவர் இறக்கும்வரை வரைந்தவை 1,345 கதைகள். முக்கியமான தொகுப்பு 45 பாகம். 1973இல் வந்த முதல் தொலைக்காட்சித் தொடர் ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. 1979இல் வேறு நிறுவனம், வேறு தொலைக்காட்சி என்று மறுபடி வந்ததுதான் ஆசியா முழுக்கப் பரவியது. தள்ளினால் எழுந்து நிற்பது பிறவிக் குணம் போலிருக்கிறது.

இனி வழக்கு. பெற்றோர் சொல்கிற முதல் குற்றம்: இந்தப் பூனை பிள்ளைகளைச் சோம்பேறியாக்குகிறது, கேட்டதெல்லாம் பையிலிருந்து வந்துவிட்டால் எவன் படிப்பான்? தொடரைப் பாதி பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் சொல்லுகிற குற்றம் இது. மனப்பாட ரொட்டிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டித் துண்டைப் புத்தகப் பக்கத்தில் அழுத்தினால் எழுத்து அதில் பதிந்துவிடும். தின்றால் பாடம் மனசில் நிற்கும். நொபிட்டா பரீட்சைக்கு முன்னால் அடுக்கடுக்காகத் தின்கிறான். வயிறு கெடுகிறது. போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்தால் படித்ததெல்லாம் போயே போச்சு. மறுபடி முதலிலிருந்து. ஆயிரத்துச் சொச்சம் கதைகளில் பெரும்பாலானவற்றின் கட்டுமானம் இதுதான்: ஆசை, கருவி, கொஞ்ச நேர ராஜ்யம், அடி. கருவி ஒருமுறையும் நொபிட்டாவைக் கரையேற்றியதில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் அவன் கெட்ட எண்ணத்தோடு எடுத்த கருவி அவனை விட்டுவைத்ததே இல்லை. நம் நீதிக்கதைகள் கடைசி வரியில் சொல்கிற பாடத்தை இது நடுவயிற்றில் சொல்கிறது. பிள்ளைகள் சோம்பேறியானால் அதற்குக் காரணம் கதை கிடையாது, எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்பதுதான். அந்த வழக்கில் பூனை தனிக் குற்றவாளி ஆகாது. அப்பாயியின் மெகாத் தொடரும் கூண்டில் ஏறவேண்டியிருக்கும்.

பூதம் நமக்குப் புதுசா என்றால் கிடையாது. 1957இல் வந்த 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' தொடங்கி, 1967இல் ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக வந்து ஜெய்சங்கரிடம் மாட்டிக்கொண்ட 'பட்டணத்தில் பூதம்' வரை, தமிழ்த்திரைப் பூதம் விடுவித்தவனுக்குக் கட்டுப்பட்ட ஏவலாள். எசமானின் கட்டளை, பூதத்தின் நிறைவேற்றம். உழைக்கிறவன் ஒருத்தன், உட்கார்ந்து கேட்கிறவன் ஒருத்தன் என்ற பண்ணை வழக்கம் அங்கேயும் நுழைந்துவிட்டது. 1984இல் மலையாளத்திலிருந்து 'மைடியர் குட்டிச்சாத்தான்' வந்தபோது இது கொஞ்சம் அசைந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் என்று கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தோம். மந்திரவாதியிடம் சிக்கிய சாத்தானைப் பிள்ளைகள் விடுவித்துத் தோழனாக்கிக் கொள்கிற கதை. பிறகு 2004 முதல் சன் டிவியில் 'மைடியர் பூதம்'. அதில் மூசா என்ற பூதச் சிறுவன் பூமிக்கு வந்து பிள்ளைகளோடு கூட்டுச் சேர்ந்தான். டோரேமான் இங்கே பழகுவதற்கு முன்னால் பாய் விரித்து வைத்தவன் மூசாதான் என்பது என் கணிப்பு.

ஆனாலும் வித்தியாசம் ஒன்று மிஞ்சுகிறது. மூசா மந்திரத்தின் பிள்ளை. டோரேமானிடம் மந்திரமே இல்லை. இவன் தொழிற்சாலையில் செய்யப்பட்டவன். பிறந்த தேதி கூட உண்டு, 2112 செப்டம்பர் 3. உயரம் 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோ. பழுதாகிறான், எலி காதைக் கடித்ததால் எலியைக் கண்டால் அலறுகிறான், கடுப்பாகிறான், கேட்டதைத் தரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஏவலாள் அப்படித் திருப்ப முடியாது. செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வேப்பமரத்தில் பேய் ஆடுகிறது என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதே என்று ஒரு சின்னப் பையனுக்குப் பாட்டெழுதினார். அவர் 1959இல் 29 வயதில் போய்ச்சேர்ந்த பிறகு, 1961இல் 'அரசிளங்குமரி' படத்தில் அது வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊரில் ஒரு பூதத்தைப் பிள்ளைகள் கையில் தயங்காமல் கொடுக்கலாம் என்றால், அது இந்த மாதிரி மந்திரமில்லாத பூதம்தான்.

இலக்கணக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பூனை அஃறிணை, யந்திரம் அஃறிணை, பூனை யந்திரம் இரட்டை அஃறிணை. பூதத்தைக்கூட 'வந்தது' என்றுதான் சொல்லுவோம். ஆனால் எந்தப் பிள்ளையிடமாவது கதை கேட்டுப் பாருங்கள். 'டோரேமான் வந்தான், சொன்னான்.' திருத்தினால் முறைக்கிறார்கள். எழுதத் தொடங்கும்போது 'அது' என்று ஆரம்பித்த எனக்கே 'அவன்' என்று மாறிவிட்டது, பாருங்கள்.

இவன் பட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்த பாதையில் அரசியலும் கலந்திருக்கிறது. 2004இல் தொடங்கிய ஹங்காமா தொலைக்காட்சி 2005இல் டோரேமானை இந்தியில் கொண்டுவந்தது. 2006இல் டிஸ்னி அந்தத் தொலைக்காட்சியை வாங்கியது. அதே 2006இல் கருணாநிதி அரசு வீட்டுக்கு ஒரு வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. கூரை வீட்டிலும் பெட்டி வந்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி, நாள் முழுக்கத் தமிழில் பேசுகிற பிள்ளைகள் தொலைக்காட்சியாக வந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது பிள்ளைகள் அலைவரிசைகள் கிராமத்துக்கும் கட்டுபடியாயின. சுட்டி டிவியில் முதலில் ஊரைப் பிடித்தவர்கள் அமெரிக்க டோராவும் அவளுடைய குரங்கு புஜ்ஜியும்தான். 'டோரா புஜ்ஜி' என்பது தமிழ்ப் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. இன்றும் பாட்டிமார் பலருக்கு டோராவும் டோரேமானும் ஒரே ஆள். நீலப் பூனை டிஸ்னி, ஹங்காமா அலைவரிசைகளின் தமிழ் ஒலியோடு வந்து, அந்தக் குழப்பத்துக்குள்ளேயே குடியேறியது.

தமிழ் ஒலி என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1938இல் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அந்த ஆகஸ்டில் உறையூரிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகக் கிளம்பிய தமிழர் படைக்குத் தளபதி பட்டுக்கோட்டை அழகிரிசாமி. வழியெல்லாம் கூட்டம் போட்டு, செப்டம்பரில் கடற்கரை சேர்ந்தார்கள். அழகிரியின் பேச்சில் மயங்கிய திருவாரூர்ப் பையன்தான் கருணாநிதி. பின்னால் தம் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அவர் கொடுத்த இலவசப் பெட்டியில் இந்தி பேசும் பூனை வந்திருந்தால் வேடிக்கையாக இருந்திருக்கும். அந்த வேடிக்கை வங்கதேசத்தில் நடந்தது. இந்தி டோரேமானைப் பார்த்துப் பிள்ளைகள் வீட்டில் இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்ற கவலை முற்றி, 2013 பிப்ரவரியில் டாக்கா அரசு தடை போட்டது. வங்கமொழிக்காக 1952இல் உயிர் கொடுத்த நகரம், அதே பிப்ரவரியில். 2016இல் பாகிஸ்தான் பஞ்சாப் சட்டமன்றத்திலும் இந்தி டோரேமானைத் தடை செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஜப்பானோ 2008இலேயே இதே பூனையைத் தன் கார்ட்டூன் தூதராக நியமித்திருந்தது. தூதர் பேசிய மொழிதான் தகராறு. பட்டுக்கோட்டையில் தகராறு வராததற்குக் காரணம் நம் பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம். தமிழில் பேசினால்தான் இங்கே விளம்பரம் விற்கும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. அது ஏன் தெரிந்தது என்று கேட்டால் உறையூருக்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.

சரி, எந்தத் தமிழ்? 'அவுக வந்தாக' என்று பேசுகிற வீட்டுக்குள் 'நான் உனக்கு உதவி செய்யறேன் நொபிட்டா' என்று ஊரில்லாத தமிழ் ஒன்று வந்து உட்கார்ந்தது. உதட்டசைவுக்குள் அடங்குவதற்காகச் சிறுத்த, வேகமான, சண்டையிலும் சுத்தபத்தமான தமிழ். எனக்கு அதில் பிடித்தமில்லை. ஆனால் பெயர்களில் கைவைக்காதது நல்ல காரியம். 2014இல் அமெரிக்காவுக்குப் போனபோது நொபிட்டா 'நோபி' ஆனான், ஜியான் 'பிக் ஜி' ஆனான், ஜப்பான் வாசனை முடிந்தவரை துடைக்கப்பட்டது. நம் பிள்ளைகள் ஷிசுகாவை ஷிசுகா என்றே சொல்லிப் பழகினார்கள். தின்பண்டத்துக்கு மட்டும் பெயர் மாறியது. டொராயாகி இங்கே 'டோரா கேக்'. இரண்டு சின்ன அப்பத்துக்கு நடுவே இனிப்புப் பூரணம்; அந்தப் பூரணம் அட்சுக்கிப் பயறு. சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரம் காயாத வயலில் நாம் தெளிக்கிற உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் அது ஒரே குலத்துப் பங்காளி. கேக் என்று சொல்லி அடுமனைக்கு அனுப்பிவிட்டார்கள். சுழியம் என்று சொல்லியிருந்தால் அப்பாயி செய்து கொடுத்திருப்பாள்.

குறைகளை மறைக்க வேண்டாம். ஷிசுகா புத்திசாலி, ஆனால் நொபிட்டாவுக்குக் கிடைக்கப்போகிற பரிசு என்ற இடத்தைத் தாண்டி அவளை நகரவிடுவதில்லை. அவள் குளிக்கிற நேரத்தில் இவன் தவறிப்போய்க் கதவைத் திறக்கிற காட்சி திரும்பத் திரும்ப வருவதைச் சிரிப்பு என்று என்னால் கணக்கெழுத முடியவில்லை. அம்மா திட்டுவதற்கென்றே பிறந்தவள்; அப்பா களைத்து வந்து பேப்பர் படிக்கிறவர். ஜியானின் அடிக்குத் தண்டனை எப்போதும் தற்காலிகம்தான். இவையெல்லாம் 1970களின் டோக்கியோக் குடும்பத்தின் அச்சு. நம் வீட்டுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு உறுத்தல் நம் பக்கத்தது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது, 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது; இரும்புக்கை மாயாவி முதல் பலரைத் தமிழாக்கிக் கொடுத்தார்கள். அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா கோகுலத்திலும் பூந்தளிரிலும் வாழ்நாளின் பெரும்பகுதி பிள்ளைகளுக்கு எழுதினார், 2014இல் மறைந்தார். ஆனால் ஒரே பாத்திரத்தை 27 வருடம் விடாமல் வரைந்து, வகுப்புக்கு ஏற்றபடி கதை மாற்றி, அதிலேயே பிழைத்த ஒரு தமிழ் ஓவியர் கிடையாது. பிழைக்க விட்ட பத்திரிகையும் கிடையாது. வியட்நாமில் 1992இல் அனுமதியில்லாமலே அச்சடித்து விற்றார்கள். பின்னால் கணக்குத் தீர்த்தபோது ஃபுஜிமோட்டோ தமக்குச் சேரவேண்டிய பணத்தை அந்த நாட்டுப் பிள்ளைகளின் படிப்புதவிக்கே விட்டுக்கொடுத்தார். அங்கே பூனையைப் படித்தார்கள். இங்கே பார்த்ததோடு சரி. எழுந்து நிற்கிற பொம்மையைப் பார்த்து ஒருவர் பூனை வரைந்தார். தலைமுறை தலைமுறையாக அந்தப் பொம்மையைச் செய்த தஞ்சாவூரில் அதற்கு ராஜா வேஷத்துக்கு மேல் ஒரு கதை யோசிக்கவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. உள்ளூர்களில் மின்கம்பம் நட்டு வெளிச்சம் வர வாரக்கணக்காயிற்று. பெட்டி பேசவில்லை, பூனையும் இல்லை. உறவுக்காரர் ஒருவரின் தோப்புக்குப் போயிருந்தேன். வேரோடு புரண்ட மரத்தின் மேல் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழு வயதுப் பேரன். டோரேமானிடம் ஒரு துணி உண்டு. பழசைப் போர்த்தினால் புதுசாகும், உடைந்ததைப் போர்த்தினால் முன்னே இருந்தபடி ஆகும். பையன் அதைத் தாத்தாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "ஒரு மரத்துக்குப் போத்தினா நிமிந்துடும் தாத்தா. அப்புறம் எடுத்து அடுத்த மரத்துக்குப் போத்தணும்."

பெரியவர் தோப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். "திருப்பிப் போத்துனா என்னாவும்டா?"

"வயசாயிடும்."

"அப்ப சரி. நாத்துக் கன்னு வச்சுட்டுத் திருப்பிப் போத்து. ஏழு வருசம் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது. எத்தனை முழம்டா அந்தத் துணி?"